மனனமும் கணக்கும்

மனனஞ் செய்தல் மடமைக்கு அறிகுறியென்று நம் மாணவருட் சிலர் இகழக் கேட்டிருக்கின்றேன். அஃது எனக்கு உடன்பாடன்று.

தொப்பூர்க் கணவாயில் வண்டிகள் நிற்குமிடத்தில் என் பாட்டனார் கடை வைத்திருந்தார். எண்சுவடியை இளமையிலேயே நெஞ்சிற் பதித்தவராதலின், எத்துணைப் பேர் சூழ்ந்து நிற்பினும் விலையை நொடியிற் கூறுவர். யானோ தாளில் எழுதிப் பெருக்குவேன். அவர் நினைவைச் செலவிட்டார். யான் நேரத்தைச் செலவிடுகின்றேன். கணினியும் இவ்வாறே இயங்குகின்றது. ஒருமுறை கண்ட விடையை நினைவகத்தில் வைத்துக்கொண்டால், மறுமுறை கணக்கிட வேண்டுவதில்லை. வைக்க இடமின்றேல் காலம் நீளும்.

வாக்கிய பஞ்சாங்கத்தார் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். திங்களின் 248 நாள் இயக்கத்தை 248 வாக்கியங்களாக்கி, எழுத்துக்களையே எண்களாகக் கொண்டு மனனஞ் செய்தனர். 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைப் புதுவைத் தமிழ்க் கணிதர் ஒருவர் ஏடு நோக்காது, சோழிகளைத் தரையில் வைத்தே கணித்தார். தொடக்கத்திற் பிழை 4 நிமிடமே. முடிவிலோ 52 நிமிடம். வானியற் கொள்கை அவருக்குச் சிறிதும் தெரியாதென்று, அதனைக் கண்டெழுதிய வாரன் துரை குறித்துள்ளார். விரைவை நினைவு தந்தது. பிழையைத் திருத்தும் வழியை அது தரவில்லை.

நண்பர்காள்! நன்னூற் சூத்திரங்களை யானும் மனனஞ் செய்கின்றேன். காரணம் வினவினால் பலகால் விழிக்கின்றேன். நாடோறும் வேண்டுவனவற்றை நெஞ்சில் வைப்போம். அவை பிறந்த வழியையும் உடன் கற்போம். வழி அறிந்தவனே மறந்ததை மீட்பான், பிழைத்ததைத் திருத்துவான்.