சொல்லாமல் எப்படித் தெரியும்?

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணி ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் மேலாடையைக் கழற்ற வேண்டும். அதே தீவிலுள்ள நாகதீப விகாரைக்கோ தோளையும் முழங்காலையும் மூடிக்கொண்டு போக வேண்டும்; புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இரண்டுமே மரியாதைதான். ஆனால் யாரும் சொல்லாவிட்டால், வந்தவருக்கு எப்படித் தெரியும்?

அறியாமையை அவமதிப்பென்று எடுத்துக்கொள்வது தவறு. 2014 இல், கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்கவில் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். பக்தியினாலேயே அதைக் குத்திக்கொண்டதாக அவர் சொன்னார். 2017 இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. தலைகுனிந்தது நம் நாடுதான்.

நாமும் யோசிக்க வேண்டும். தலையை மூடாமல் பள்ளிவாசல் வாசலுக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணை முறைத்துப் பார்ப்பது எளிது. அங்கே மும்மொழியிலும் ஓர் அறிவித்தலும், துவைத்து மடித்த சில சால்வைகளும் வைப்பது ஒன்றும் பெரிய வேலையல்ல. கைகுலுக்க வரும் அந்நிய ஆணிடம் முகத்தைத் திருப்பத் தேவையில்லை; நெஞ்சில் கைவைத்துப் புன்னகைத்தால் அவருக்கு விளங்கும். இந்தோனேசியாவிலும் முஸ்லிம் பெண்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் ஈமானோடு சேர்த்தே சொல்லித் தந்தார்கள். நம் ஒழுங்கைப் பேணும்படி கேட்பது நமது உரிமை. அதை முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவைப்பது நமது கடமை.