பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் காவிரிக்கரை ஊர்கள் பல தண்ணீருக்குள் போயின. ஜனங்கள் மேடேறினார்கள். அந்த நீர்த்தேக்கத்தின் கரையில்தான் நம் மாவட்டத்து நாகமரை இருக்கிறது. பரிசலும் வலையும் அங்கே பலருக்குப் பிழைப்பு.

போன மாதம் பென்னாகரம், ஏரியூர் வழியாக என் பழைய பைக்கில் போய் வந்தேன். நீர் வற்றினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி தலைகாட்டும். அதைப் பார்க்க இளைஞர்கள் பைக்கில் வருகிறார்கள். தாராளமாக வரட்டும். ஆனால் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கரையில் உடைத்துவிட்டுப் போவது என்ன வீரம்?

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் ஏறும்போது நாம் நின்ற கரை முழுகும். கண்ணாடிச் சில்லும் கூடவே முழுகும். வெறுங்காலோடு வலை இழுக்க இறங்குபவர் என்ன செய்வார்?

"முள்ளுன்னா கண்ணுக்குத் தெரியும் சார். இது தண்ணிக்குள்ள தெரியாது" என்றார் ஒரு பரிசல்காரர்.

போலீஸ் பார்க்கட்டும், பஞ்சாயத்து பார்க்கட்டும் என்பீர்கள். பாட்டிலைக் கொண்டுபோனது அவர்களா? காட்டு விலங்குகளின் காலை நினைத்து 2022-ல் நீலகிரியில் காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை வந்தது. மீனவர் கால் அதைவிட மலிவா?

அந்தப் பையன்கள் வேறு யாரோ அல்ல, நம் பேரன்கள். வண்டி வாங்கிக் கொடுத்ததும் நாம்தான். கிளம்பும்போது ஹெல்மெட் போடச் சொல்கிறோம். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.