தனி சோப்பு வாங்குகிறோம், 5 வெள்ளிப் பரிசோதனைக்குப் போவதில்லை. ஏன்?

அப்போது எனக்கு 23 வயது. சில நாள்களாக அரிப்பு. புளோக்குக்குக் கீழே இருந்த மருந்தகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் "என்ன பிரச்சினை?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர். அதில் ஒருவர் எங்கள் மாடி அங்கிள். "வயித்து வலி" என்றேன். உள்ளே மருத்துவரிடமும் அதையே சொன்னேன். வாயுவுக்கு மருந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் பல்பொருள் அங்காடியில் வெற்றிலைப் படம் போட்ட ஒரு புட்டியை வாங்கினேன். "பெண்களின் புத்துணர்ச்சிக்கு" என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் அதைப் போட்டுக் கழுவியதில் அரிப்பு போய் எரிச்சல் வந்தது.

இதைத் தோழிகளிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவரவர் கதை வெளியே வரும். பெரும்பாலான கதைகளில் ஏதோ ஒரு சோப்பு இருக்கும், மருத்துவர் இருக்கமாட்டார்.

எதைக் கழுவுகிறோம்?

வீட்டில் நாம் கற்றுக்கொண்ட பெயர் "அந்த இடம்". அதனால் வரும் முதல் குழப்பம், இரண்டு வெவ்வேறு உறுப்புகளை ஒன்றாக நினைப்பது. வெளியே தெரியும் பகுதி வல்வா. அது தோல், வியர்க்கும், கழுவலாம். உள்ளே கருப்பை வாய் வரைக்கும் போகும் குழாய்தான் வஜைனா, அதாவது யோனி. அதை யாரும் கழுவத் தேவையில்லை.

காரணம் எளிது. யோனிக்குள் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. தயிரில் இருக்கும் வகையின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அது லாக்டிக் அமிலத்தை உருவாக்குகிறது. அதனால் உள்ளே பிஎச் அளவு 3.8க்கும் 4.5க்கும் இடையில், லேசான புளிப்பில் இருக்கிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருக முடியாது. சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 வரை போகும். அதை உள்ளே விட்டால் காவலுக்கு இருப்பவர்களை நாமே விரட்டுகிறோம்.

சரி, "பிஎச் பேலன்ஸ்ட்" என்று போட்டிருந்தால்? வெளியே பூசுவதானால் பலருக்கு அதனால் கெடுதல் இல்லை, தேவையும் இல்லை. வெறும் தண்ணீர் போதும், அல்லது வாசனை சேர்க்காத மென்மையான சோப்பு. உள்ளே பீய்ச்சிக் கழுவுவது வேறு விஷயம். அந்தப் பழக்கம் உள்ள பெண்களுக்குப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற தொற்றும், கருப்பை, கருக்குழாய் வரை பரவும் அழற்சியும் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் வீட்டு வைத்தியமும் இதில் விலக்கில்லை. மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், குளியல் நீரில் ஒரு மூடி கிருமிநாசினி... பாட்டி அன்போடு சொல்வதுதான், ஆனால் அந்த மெல்லிய தோலுக்கு அது தெரியாது. மலாய்த் தோழிகள் வீட்டில் பிரசவத்துக்குப் பிறகு மூலிகை நீராவியில் உட்காரும் "தங்காஸ்" வழக்கம் உண்டு. இப்போது ஸ்பாக்களில் அதற்குத் தனி விலை. கனடாவில் இப்படி நீராவி பிடித்த ஒரு பெண்ணுக்குத் தீக்காயம் ஏற்பட்டதை அந்நாட்டு மருத்துவ இதழ் 2019இல் பதிவுசெய்தது.

பவுடரும் இதே கதைதான். குளித்துவிட்டு அங்கேயும் கொஞ்சம் தட்டிக்கொள்வது நம்மில் பலருடைய பழக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலுக்கு உயர்த்தியது. பல ஆண்டுகள் தட்டியவர்கள் பயந்துவிட வேண்டாம், அது உறுதியான தீர்ப்பு இல்லை. ஆனால் அந்த இடத்தில் பவுடருக்கு ஒரு வேலையும் இல்லாதபோது எதற்கு?

வெள்ளைப்பட்டால் உடம்பு உருகுமா?

"வெள்ளைப்படுது, அதான் இளைச்சுட்டே போறா." இதைக் கேட்காத தமிழ்ப் பெண் குறைவு. எலும்பு கரைகிறது, உடம்புச் சூடு, சத்து இறங்குகிறது என்று பல விளக்கங்கள். வெந்தயம், இளநீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் எலும்பு எதுவும் கரையவில்லை.

யோனியும் கருப்பை வாயும் தினமும் கொஞ்சம் திரவத்தைச் சுரக்கின்றன. பழைய செல்களை வெளியே தள்ளும் வேலை அதற்கு. நிறமில்லாமலோ வெள்ளையாகவோ இருக்கும். கருமுட்டை வெளியாகும் நாள்களில் முட்டையின் வெள்ளைக்கருபோல் நீளும். கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அதிகமாகலாம். உள்ளாடையில் காய்ந்து மஞ்சளாகத் தெரிவதும் பெரும்பாலும் சாதாரணம்தான். லேசான வாடையும் அப்படியே. மல்லிகைப்பூ மணக்க வேண்டும் என்று உடம்பு யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லை.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. தயிர் திரிந்ததுபோல் கட்டியாக வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மெல்லிய சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ். பச்சையாக, நுரையாக வந்தாலும், வயிற்றின் கீழ்ப்பகுதியில் வலியோ காய்ச்சலோ சேர்ந்தாலும், மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம் கலந்திருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"எனக்குத்தான் தெரியுமே, போன தடவை வந்ததுதான்" என்று நாமே மருந்து வாங்குவதும் உண்டு. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்துப் பார்த்தது. உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று, வேறு மருந்து தேவைப்பட்டது.

இன்னொன்று. பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

எனக்கு உண்மையில் கவலை தருவது சோப்பு இல்லை, இந்தக் கேள்விதான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி கிருமியால் வருகிறது. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் காரணம். நல்ல செய்தி என்னவென்றால் அது மெதுவான நோய். கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். இடையில் கண்டுபிடித்தால் புற்றுநோய் ஆகும் முன்பே நிறுத்திவிடலாம்.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனை, 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை என்பது பரிந்துரை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தின்கீழ், சாஸ் மருந்தகத்தில் தகுதிபெறும் சிங்கப்பூரர்கள் செலுத்துவது 5 வெள்ளி அல்லது அதற்கும் குறைவு. என் வெற்றிலைப் புட்டியே அதைவிட விலை அதிகம்.

யாருக்கு இந்தப் பரிசோதனை? ஒருமுறையாவது பாலுறவு கொண்ட பெண்களுக்கு. திருமணம் அதில் ஒரு நிபந்தனையே இல்லை. ஆனால் மருந்தகத்தில் பல நேரம் கேட்கப்படுவது "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான். பாலுறவைப் பற்றி நாசூக்காக விசாரிக்கிறார்களாம். 27 வயதுப் பெண் "இல்ல" என்பாள். அது உண்மை. பேச்சு அதோடு முடிந்துவிடும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில், "எனக்கு ஒரே ஒருத்தர்தான், கணவர்" என்பவர்களும் பரிசோதனை தேவையில்லை என்று நினைக்கிறார்கள். எச்பிவி மிகவும் பரவலான கிருமி. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும், சிலருக்குப் பல ஆண்டுகள் தெரியாமல் தங்கியிருக்கும். முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அதை வைத்துக் கணவரையோ உங்களையோ யாரும் சந்தேகப்பட இடமில்லை.

2019இல் உயர்நிலை ஒன்றில் படித்த மாணவிகளிலிருந்து பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. அந்தத் தலைமுறை 25 வயதை நெருங்கும்போது "நான்தான் ஊசி போட்டாச்சே" என்ற பேச்சு வரும். தடுப்பூசி எல்லா வகை எச்பிவியையும் தடுக்காது. ஊசி போட்டவர்களுக்கும் பரிசோதனை வேண்டும்.

"கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர் தொட்டா போயிடும்" என்ற பயமும் இன்னும் இருக்கிறது. கன்னித்திரை பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் அனுபவத்தைச் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் 2018இல் கேட்டுக்கொண்டன. பாலுறவே இல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பாப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் முறைதவறிய ரத்தப்போக்கோ, பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு மாதவிடாய் வலியோ இருந்தால், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ் உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு உண்டு. கல்யாணம் அதற்கு மருந்தில்லை.

முகப்பில் என்ன சொல்வது?

23 வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். முகப்பில் காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "டாக்டர்கிட்ட நேரா பேசிக்கிறேன்" என்று சொன்னால் போதும். பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கலாம். உள்ளே போனதும் "கல்யாணம் ஆகலை, ஆனா பாப் டெஸ்ட் எடுக்கணும்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். சங்கடமாக இருந்தால் கைபேசியில் எழுதிக் காட்டுங்கள், என் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்தாள். பெண் தாதி ஒருவர் கூட இருக்கட்டும் என்றும் கேட்கலாம்.

பரிசோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஒரு சின்னத் தூரிகையால் கருப்பை வாயிலிருந்து செல்களை எடுப்பார்கள். வலியைவிட ஒருமாதிரியான அசௌகரியம்தான் அதிகம். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே வைக்கும் மருந்து, களிம்பு, பாலுறவு எதுவும் வேண்டாம். அன்று ஜீன்ஸுக்குப் பதில் பாவாடை போட்டுக்கொண்டு போனால் வசதி. போகும் முன் தனியாக எதையும் போட்டுக் கழுவ வேண்டாம்.