உயர்த்திய கெப் வண்டிக்கு எந்த மேல் ஆர்ம்?

டபுள் கெப் ஒன்றின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்துவது கொழும்புக் கராஜ்களுக்கு இன்று அரை நாள் வேலை. உயர்த்திய பிறகு பணம் போவதெல்லாம் பெரிய டயருக்கும், முன்பக்கக் கம்பிக்கும், எல்.ஈ.டி. விளக்குக்கும்தான். சக்கரத்தின் மேல்முனையைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்கும் ஆர்ம் பெரும்பாலும் பழையதாகவே விடப்படுகிறது. மாற்றுகிறவர்களிலும் பலர் நிறத்தையும் பருமனையும் பார்த்தே வாங்குகிறார்கள். மேல் ஆர்ம், பிரேக்கோடு ஒரே வரிசையில் வைக்க வேண்டிய பாதுகாப்புப் பாகம். அதை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் தேயப்போகும் பகுதி எது, அது தேய்ந்தால் கொழும்பில் எங்கே கிடைக்கும் என்பதே. இரும்பு எவ்வளவு தடிப்பு என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம்.

இது ஒருசில பொழுதுபோக்குக்காரரின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டியையே ஓட்டியாக வேண்டியிருந்தது. ஹைலக்ஸ் வீகோ, பழைய டி-மெக்ஸ், எல்200 எல்லாம் ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் புதிய ஸ்பிரிங் தேடி வந்தன. வந்த இடத்திலேயே கொஞ்சம் உயர்த்தியும் போயின. உயர்த்துவதற்கு நேர்மையான காரணங்களும் இருக்கின்றன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதும், 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே வெள்ளத்திலும் மண்சரிவிலும் தள்ளியதும் மறக்கக்கூடியவை அல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து வவுனியாவுக்கும் மலையகத்துக்கும் சரக்கோடு போகிறவருக்கும், வெள்ளவத்தையிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் அங்கே உள்ளூர் ஒழுங்கைகளில் இறங்குகிறவருக்கும் தரையிலிருந்து கொஞ்சம் கூடுதல் உயரம் உண்மையிலேயே பயன்படுகிறது. ஆகவே உயர்த்தலாமா என்ற கேள்வியோடு நான் சண்டைக்கு வரவில்லை. உயர்த்திய வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதே என் கவலை.

இந்த ஆர்மின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகத் தெளியும். இங்கு ஓடும் கெப் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரம் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களுக்கு நடுவே நிற்கிறது. ஹைலக்ஸ் வீகோ போன்றவற்றில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் கீழ் ஆர்மில் அமர்வதால் வண்டியின் பாரம் அதன் மேல்தான் இறங்குகிறது. மேல் ஆர்ம் பாரம் சுமப்பதில்லை. அதனாலேயே பலர் அதைச் சில்லறைப் பாகமாக நினைக்கிறார்கள். ஆனால் சக்கரத்தின் மேல்முனை எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு பின்னால் நிற்க வேண்டும் என்பதை வைப்பதும், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் அந்த முனை விலகாமல் பார்த்துக்கொள்வதும் மேல் ஆர்ம்தான். வண்டியை உயர்த்தும்போது இரண்டு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சரிகின்றன. இரண்டின் நீளமும் ஒன்றல்ல, அச்சுகளும் இணையானவை அல்ல என்பதால் சக்கரத்தின் கோணங்கள் மாறுகின்றன. அவற்றில் ஓட்டுநரின் கைக்கு முதலில் தெரிவது காஸ்டர் குறைவது. சைக்கிளின் முன்கவடு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டே நேராக ஓட்ட முடிகிறது. அந்தச் சாய்வே காஸ்டர். அது குறைந்த வண்டி காலி வீதியின் நெரிசலில் எதையும் காட்டிக்கொடுக்காது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொடும்போதுதான் ஸ்டியரிங் அங்குமிங்கும் அலையத் தொடங்கும். வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வர வேண்டிய ஸ்டியரிங்கைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும்.

எத்தனை அங்குலம் உயர்த்தினார்கள் என்பதைவிட எப்படி உயர்த்தினார்கள் என்பது முக்கியம். நம்மூரில் இதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. தடித்த ஸ்பிரிங் போட்டோ, ஸ்பிரிங்கைக் கூடுதலாக அமுக்கியோ உயர்த்தினால், ஷொக் அப்சோபரின் நீளம் மாறாதவரை, சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும் எல்லை கம்பனி வைத்த இடத்திலேயே இருக்கும். மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மேல் போல் ஜொயின்ட் அந்த எல்லைக்கு முன்பைவிட நெருக்கமாக நிற்கும், அதைத் தாண்டாது. ஷொக்கின் தலைக்கு மேல் ஒரு ஸ்பேசர் வைத்து உயர்த்தும் மலிவான முறையில் கதை வேறு. 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் சக்கரத்தில் கிட்டத்தட்ட இருமடங்கு உயரத்தைத் தரும். ஷொக் முழுவதும் கீழே தள்ளப்படுவதால் சக்கரம் தொங்கும் எல்லையும் அதே அளவு இறங்கிவிடும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் முட்டும். போல் ஜொயின்டின் தண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். ஒவ்வொரு இடியும் தண்டின் கழுத்தை நெம்புகிறது. முதலில் றப்பர் உறை கிழியும், கிறீஸ் வெளியேறும், மழைநீரும் மணலும் உள்ளே போகும். அதன் பிறகு அந்த ஜொயின்ட் எத்தனை நாள் தாங்கும் என்பதை எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. கழன்றால் சக்கரத்தின் தலை பிடியின்றிச் சரியும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன்படாது, பிரேக் குழாயும் அறுந்து போகலாம்.

இதிலிருந்து வாங்கும் ஒழுங்கும் பிறக்கிறது. வண்டியை உயர்த்தியதும் முதலில் வீல் எலைன்மென்ட் பார்த்து, அளவுகள் அச்சிட்ட கடதாசியைக் கையில் வாங்க வேண்டும். ஹைலக்ஸ் போன்றவற்றில் கீழ் ஆர்மின் போல்ட்டுகளைத் திருப்பியே காஸ்டரையும், கேம்பர் என்ற பக்கச்சாய்வையும் ஓரளவு சரிசெய்யலாம். ஒன்று, ஒன்றரை அங்குலம் ஸ்பிரிங்கால் உயர்த்திய வண்டி பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். அளவுகள் கம்பனி எல்லைக்குள் வந்துவிட்டால் புதிய ஆர்ம் தேவையில்லை. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் காசைப் பொக்கெற்றிலேயே வைத்திருக்கலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டும்போது இந்தத் திருப்பல் தன் முனைக்கு வந்துவிடுகிறது. வெளிக்கம்பனி ஆர்மின் பயன் அங்கேதான் தொடங்குகிறது: போல் ஜொயின்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருப்பதால் காஸ்டர் இரண்டு, மூன்று பாகை திரும்பக் கிடைக்கும், ஆர்மின் உடல் ஸ்பிரிங்கில் முட்டாமல் விலகி வளைந்திருக்கும், ஜொயின்டும் கூடுதல் கோணத்துக்கு அசையும். இந்த மூன்றும் இல்லாத ஆர்ம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உயர்த்திய வண்டிக்கு உரியதல்ல.

தெரிவில் உண்மையான பிணக்கு ஜொயின்டைப் பற்றியது. அமெரிக்கப் பாலைவன ஓட்டப் பந்தயங்களிலிருந்து வந்த யூனிபோல் வகையில் வழக்கமான போல் ஜொயின்டுக்குப் பதிலாக ஓர் உருண்டைப் பேரிங் இருக்கிறது. அசையும் கோணம் மிகப் பெரியது, பலமும் அதிகம், பார்க்கவும் கம்பீரம். அதன் ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரிங் பொதுவாகத் திறந்த நிலையில் இருப்பது; கிறீஸை உள்ளே பூட்டி வைக்கும் றப்பர் உறை அதற்கு இல்லை. காய்ந்த பாலைவனத்தில், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் பார்க்கும் பந்தயக் குழுவின் கையில் அது சிறந்த பாகம். மெரின் டிரைவில் கடலை அடுத்து இரவெல்லாம் நிறுத்தப்பட்டு, ஆண்டுக்கு இரண்டு பருவமழையில் நனைந்து, உப்புக்காற்றையும் செம்மண் சேற்றையும் மாறிமாறி வாங்கும் வண்டியில் அது விரைவில் துருவேறிச் சத்தம் போடத் தொடங்கும். அதே அளவு பேரிங்கை இங்கே தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. றப்பர் உறையால் மூடிய போல் ஜொயின்ட், முடிந்தால் கிறீஸ் நிப்பிளோடு, நம் வானிலைக்கு நீண்ட நாள் வரும். வாங்கும்போது கேட்க வேண்டியது: அந்த ஜொயின்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, அதற்குப் பாக இலக்கம் உண்டா, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் 555 போன்ற ஜப்பானியப் பெயர்களில் அந்த அளவு இருக்கிறதா? ஜொயின்ட் தேய்ந்தால் முழு ஆர்மையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால், கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவினர் அன்பாக அனுப்பி வைத்ததாக இருந்தாலும், அது இங்கே ஓடும் வண்டிக்கு நல்ல தெரிவு அல்ல. ஆர்மை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் புஷ் விடயத்திலும் இதே நியாயம்தான். பொலியூரித்தேன் புஷ் இறுக்கமானது, ஆனால் கிறீஸ் காய்ந்ததும் கத்தும். றப்பர் புஷ் அமைதியானது, பராமரிப்பு கேட்காது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: றப்பர் புஷ் முறுகித்தான் அசைகிறது என்பதால், அதன் போல்ட்டை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால் தரையில் இறங்கிய கணத்திலிருந்து அந்த றப்பர் முறுகியபடியே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். பல நல்ல ஆர்ம்கள் கெட்ட பெயர் வாங்குவது இந்த ஒரு தவறால்தான். ஏ.பி.எஸ். வயரைப் பிடிக்கும் கொக்கி புதிய ஆர்மில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தொங்கும் வயர் டயரில் உரசி அறுந்தால் பாதுகாப்புக்காகச் செய்த செலவே பாதுகாப்பைக் கெடுத்துவிடும்.

“நூற்றுக்கணக்கான வண்டிகள் பழைய ஆர்மோடு உயர்ந்து ஓடுகின்றன, ஒன்றும் ஆகவில்லையே” என்பது அடிக்கடி வரும் மறுப்பு. மேல் போல் ஜொயின்ட் பாரம் தாங்காததால் அது கழல்வது அபூர்வம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் நம் கண்ணில் படுவது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் மட்டுமே. கராஜுக்குள் நிற்பவற்றை வீதியில் எண்ண முடியாது. கழலாத வண்டியும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது: கோணம் கெட்ட சக்கரம் டயரின் ஒரு விளிம்பை மட்டும் தின்றுவிடும், நல்ல ஆர்மின் விலையில் பாதி அதிலேயே போய்விடும். விலை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. அந்த அடியிலிருந்து உதிரிப்பாக விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஆகவே பழைய ஆர்மை வெட்டி, நீட்டி, வெல்டிங் செய்து தருவதாகச் சில பட்டறைகள் சொல்லும்போது அது நியாயமாகத் தோன்றும். இறக்குமதி நின்ற காலத்தில் இந்த நாட்டின் வாகனங்களை ஓட வைத்தது நம் பட்டறைக்காரரின் கைத்திறன்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தகட்டை அழுத்திச் செய்த ஆர்மை வெட்டி ஒட்டும்போது, ஒட்டின் ஓரத்தில் சூடு பட்ட இரும்பு தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. மீண்டும் மீண்டும் விழும் அடியில் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அந்த வெடிப்பைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. காசு இல்லாதவருக்கு நான் சொல்லக்கூடியது, குறைவாக உயர்த்துங்கள் என்பதே. ஓர் அங்குலமும் பழைய ஆர்மும், மூன்று அங்குலமும் வெட்டி ஒட்டிய ஆர்மும் என்ற இரண்டில் முதலாவதுதான் குடும்பத்தை ஏற்றத் தக்கது.

இவ்வளவு தொல்லை எதற்கு, உயர்த்துவதையே தடைசெய்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. ஸ்வீடனின் டெக்னிக்கென்ஸ் வார்ல்ட் சஞ்சிகை 2016இல் நடத்திய திடீர் விலகல் சோதனையில், எந்த மாற்றமும் செய்யாத ஹைலக்ஸ் ஒருபக்கச் சக்கரங்கள் நிலத்தை விட்டெழக் கவிழும் நிலைக்குப் போனது. உயர்த்திய வண்டிக்கு அந்த எல்லை இன்னும் நெருங்கி வரும். இந்தியாவில் கம்பனி வடிவமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் தேவை இருக்கும் இடத்தில் தடை வேலையை நிறுத்துவதில்லை, மறைவுக்குத்தான் தள்ளுகிறது. அவுஸ்திரேலியாவில் வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நடைமுறைக் கோவை, சிறிய மாற்றத்தை அனுமதித்துப் பெரிய மாற்றத்துக்குப் பொறியியலாளரின் சான்றிதழைக் கேட்கிறது. அதுவே நமக்குப் பொருந்தும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிக அலங்காரங்களைக் கழற்றப் பொலிஸார் இறங்கியபோது, கண்ணுக்குத் தெரிகிறவையே பேச்சாயின. வாகனத்தின் நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நாட்டில், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தியவர் பொருத்திய பாகத்தின் விபரத்தையும் எலைன்மென்ட் கடதாசியையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பது பெரிய சுமையல்ல. அந்தப் பதிவு காப்புறுதி நிறுவனத்தோடு பின்னால் வரும் வாக்குவாதத்தையும் குறைக்கும். வருமான வரிப்பத்திரத்துக்காக இந்த வண்டிகள் ஏற்கெனவே ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கின்றன. அதே இடத்தில் முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, போல் ஜொயின்டை அசைத்துப் பார்த்து, உறை கிழிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். திணைக்களம் அதை உயர்த்திய கெப் வண்டிகளிலிருந்தே தொடங்கலாம்.