டிஜே ஆக ஆசையா? முதலில் காதைப் பழக்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்கிறார்கள். சில வாரங்களில் ஒரு பாட்டின் முடிவில் அடுத்த பாட்டை நிற்காமல் ஒட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை வருகிறது. டிஜே ஆகும் ஆசை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. உடனே இன்டர்நெட்டில் தேடினால் கண்ட்ரோலர், விலை உயர்ந்த ஹெட்போன், கட்டண சாப்ட்வேர், பயிற்சி வகுப்பு என்று ஒரு நீண்ட பட்டியல் வந்து நிற்கும்.

என் கருத்து இதுதான். முதல் மூன்று மாதங்களுக்கு இவற்றில் எதையும் வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கம்ப்யூட்டரும் வயர் உள்ள ஒரு சாதாரண ஹெட்போனும் போதும். அந்த மூன்று மாதமும் சாப்ட்வேரில் உள்ள சின்க் பட்டனையும் தொடாதீர்கள்.

சின்க் என்ன செய்கிறது?

டிஜேயின் அடிப்படை வேலை இரண்டு பாடல்களின் தாளத்தை ஒன்று சேர்ப்பது. ஒரு நிமிடத்தில் எத்தனை தாள அடிகள் விழுகின்றன என்பதை பி.பி.எம். என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாடல் 126, அடுத்த பாடல் 120 என்றால் அடுத்ததன் வேகத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். அத்துடன் இரண்டின் அடிகளும் ஒரே நொடியில் விழ வேண்டும். சின்க் பட்டன் இந்த இரண்டையும் ஒரே கிளிக்கில் முடித்துவிடும்.

"கம்ப்யூட்டரே செய்யும்போது நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சாப்ட்வேர் பாட்டைக் கேட்பதில்லை. பைலில் ஒலியின் அளவு எங்கே திடீரென்று உயர்கிறது என்று கணக்கிட்டு, அடி இங்கே விழுகிறது என்று ஊகிக்கிறது. கம்ப்யூட்டரில் உருவான டான்ஸ் பாடல்களில் தாளம் ஒரே சீராக இருப்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் 140 வேகப் பாடலை 70 என்று காட்டுவதும் உண்டு. வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்துப் பதிவான பழைய பாடல்களில் வேகம் சற்றே கூடும், குறையும். அங்கே ஒரே அளவான கட்டம் போட்டால் பாதிப் பாட்டில் அடி நழுவிவிடும். நம் குத்துப் பாடல்கள் பலவும் மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் அமைந்தவை. நான்கு நான்காகப் போகும் பாடலோடு அதைச் சேர்த்தால், பி.பி.எம். எண் ஒன்றாக இருந்தாலும் காது ஒப்புக்கொள்ளாது.

சாப்ட்வேர் தவறும் அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். சின்க்கை மட்டுமே நம்பிப் பழகியவர் எதிரே கூட்டம் இருக்கும்போது திரையைப் பார்த்து விழிப்பார். காதால் பழகியவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். தொழில்முறை டிஜேக்களில் பலர் சின்க் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறே இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர் கால்குலேட்டரைத் தட்டுவது போன்றது அது. முதலில் எதைக் கற்பது என்பதில்தான் என் வாதம்.

எப்படித் தொடங்குவது?

மிக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதன் பெயருக்குக் கடைசியில் மூன்று எக்ஸ் எழுத்துகள் வரும். 2001-ல் தொடங்கிய இது ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்ததும் செட்டிங்ஸில் சவுண்ட் ஹார்டுவேர் பகுதிக்குச் சென்று, ஹெட்போன் அவுட்புட்டுக்கு உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பிளிட் என்ற வசதியை இயக்கினால் ஒரு காதில் ஓடும் பாடலும் மறு காதில் அடுத்து வரவிருக்கும் பாடலும் கேட்கும். ஒலி விட்டுவிட்டு வந்தால் ஆடியோ பபரின் அளவைச் சற்று கூட்டுங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும் என்பதால் தாளம் பழக முடியாது.

அடுத்து 20 பாடல்கள் கொண்ட ஒரு போல்டர். ஆயிரம் பாடல்கள் வேண்டாம். ஆன்லைன் பாட்டுச் சேவைகளின் ஆப்பில் சேமித்த பாடல்கள் பூட்டப்பட்டவை, மிக்ஸில் திறக்காது. சொந்த சிடியிலிருந்து எடுத்ததோ, விலை கொடுத்து டவுன்லோட் செய்ததோ இருக்கட்டும். முதல் பழக்கத்துக்கு ஹவுஸ் வகைப் பாடல்கள் எளிது. பெரும்பாலும் 120 முதல் 128 பி.பி.எம். வரை இருக்கும், நான்கு நான்காக எண்ணலாம்.

முதல் பயிற்சிக்கு ஒரே பாடலை இரண்டு டெக்கிலும் ஏற்றுங்கள். ஒன்றை ஓடவிட்டு, மற்றதை அதன் அடியோடு சேரும்படி தொடங்குங்கள். சேராவிட்டால் குதிரை ஓடுவதுபோல் இரட்டை அடி கேட்கும். சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகி, ஒலி சற்றுக் குழாய்க்குள் கேட்பதுபோல் மாறும். இந்த வித்தியாசம் காதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு டெக்கின் வேகத்தை மாற்றிவிட்டு, காதால் மட்டும் சரிசெய்யுங்கள். பி.பி.எம். எண்களும் அலைக்கோடுகளும் தெரியாதபடி மானிட்டரில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொள்ளலாம்!

ஒரே பாட்டை இரண்டாக வைப்பது புதிய யோசனை அல்ல. 1973 ஆகஸ்ட் 11-ம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஆடுவதற்கு ஏற்ற தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டிக் காட்டிய அவருடைய முறையிலிருந்துதான் ஹிப்ஹாப் வளர்ந்தது. அவர் முன்னால் திரையோ எண்ணோ இல்லை.

இரண்டாம் மாதம் வெவ்வேறு பாடல்களைச் சேர்க்கப் பழகுங்கள். நான்கு அடிகள் ஒரு சுற்று. எட்டு சுற்றுகள் சேர்ந்தால் 32 அடிகள். ஹவுஸ் பாடல்களில் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான் வரும். எனவே அடுத்த பாடலை 'ஒன்று' என்று எண்ணும் இடத்தில் தொடங்குங்கள். மூன்றாம் மாதம் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி 30 நிமிடம் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். உங்கள் குறைகளை அந்தப் பதிவைவிட நன்றாக எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது.

ஒலியின் அளவில் கவனமாக இருங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் ஆரோக்கிய நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. கண்ட்ரோலர் பழுதானால் வேறு வாங்கலாம், காதுக்கு அந்த வசதி இல்லை.

மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் தாராளமாகச் சிறிய இரண்டு டெக் கண்ட்ரோலர் ஒன்றை வாங்குங்கள். சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறதா, மிக்ஸ் அதை ஏற்குமா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஆர்வம் குறைந்துவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. இனிமேல் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதன் தாளம் உங்களுக்குத் தனியாகக் கேட்கும். இன்றே 20 பாடல்களைத் தேர்ந்தெடுத்து அந்த போல்டரைத் தயார் செய்யுங்கள்.