மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை

அரசாணைகளை மொழிபெயர்க்கையில் என் எழுதுகோலை அடிக்கடி இடறும் சொல் 'மதிப்பூதியம்'. பிரித்தால் மதிப்பு, ஊதியம் எனும் இரு நற்சொற்கள். சேர்த்தாலோ இரண்டும் மறைந்துவிடுகின்றன!

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி ஊழியருக்கு 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் சேர்ப்பது தனி. குழந்தைகளை எடைபார்ப்பது, பதிவேடு, கணக்கெடுப்பு, போதாக்குறைக்கு வாக்காளர் பட்டியல் வேலை, அத்தனையும் 'கௌரவப் பணி'யாம். ஆஷா ஊழியரோ 'தன்னார்வலர்'. ஆர்வம் அவருடையது என்றால் வேலையை ஏவுவது யார்?

ஊதியம் என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்ச ஊதியம் வாசலில் வந்து நிற்கும். வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதியமும் பின்தொடரும். அவற்றைத் தடுக்கவே இச்சொல்லலங்காரம். இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் உடனமர்ந்த அவை அது! அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உண்டென 2022இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பணிக்கொடை பெறுபவர் எங்ஙனம் தொண்டராவார்?

ஆணையின் மொழிபெயர்ப்பில் அச்சொல் மேற்கோள் குறிக்குள் நிற்கட்டும். நமது கோரிக்கை மனுக்களிலும் துண்டறிக்கைகளிலும் அது வேண்டா, தோழர்களே. 'ஊதியம்' என்றே எழுதுங்கள்.