துவக்குக் கொடுத்தால் போதுமா?

பயிர்காக்கத் துவக்குக் கொடு என்கிறார் ஒருவர். கொடாதே என்கிறார் மற்றவர். அதில் எந்தத் தோட்டாவை இடுவது? கேட்பாரைக் காணோம், நான் கேட்கிறேன்.

நாலாம் இலக்கத்தின் சிறு ஈயச் சன்னங்கள் தள்ளி நிற்கும் காட்டுப்பன்றியைக் கொல்லா, குற்றுயிராக்கும். காயம்பட்ட பன்றி கொழுந்து பறிப்போர்மேல் பாயும். எஸ்.ஜி. தோட்டாவின் எட்டு, ஒன்பது பெருஞ்சன்னங்கள் அதை வீழ்த்தும்; குறி தவறினாலோ அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் பறக்கும். 1867இல் தேயிலைச் செய்கை தொடங்கிய லூல்கந்துரை முதல் ஹந்தானை வரை, கண்டி மலைச்சரிவுகளில் லயன்கள் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் உறங்குகின்றனர்.

ஆகவே பன்றிக்கு எஸ்.ஜி.யே, அதுவும் 30 மீற்றருக்குள், பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே. இதைக் கற்பிக்காமல் அனுமதிப்பத்திரம் நீட்டுவது பயிர்ப் பாதுகாப்பன்று. பழியை விவசாயியின் தோளில் ஏற்றுவது.